பின்னால் மலை தெரிந்தது

போர்ட் பிளேர்
21 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணி,

உங்களுக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நம் வீட்டுக்கு நீங்கள் மருமகளாக வந்த நாளிலிருந்து வாயால் பேசியே பழகிவிட்டோம்.

நேற்று விமானம் இறங்கியதும் அண்ணனுக்குப் போன் செய்து, "அண்ணிகிட்ட குடு" என்றேன். "உங்க அண்ணி பேசமாட்டா. மௌன விரதம். சிவராத்திரி வரைக்கும்" என்றான். "அவங்க பேச வேணாம், நான் பேசறத கேட்டுக்கினா போதும்" என்றேன். "போனையும் பீரோவுல வெச்சிப் பூட்டிட்டா. காதுக்கும் சேத்துத்தான் விரதமாம்" என்று சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு வருகிறது.

விரதம் சாமிக்கா, எனக்கா? மாட்டுப் பொங்கலன்று அண்ணாமலையாருக்கும் அம்மனுக்கும் ஊடல் வந்தால் மறுநாளே கூட்டிவைத்துத் தீர்த்துவிடுகிறார்கள். தெய்வத்துக்கே ஒரு நாள் சண்டைதான். நீங்கள் சிவராத்திரி வரை இழுக்கிறீர்கள்.

என் பக்கத்தையும் கேளுங்கள். நம் கொல்லைக்குப் பின்னால் கல்லுக்குழியில் கோட்டான் குஞ்சு வைத்திருப்பதை என்னிடம் மட்டும்தான் காட்டினீர்கள். "யார்கிட்டயும் மூச்சு வுடாத" என்றீர்கள். நான் விடவில்லை. படத்தை இன்ஸ்டாவில் போட்டபோது ஊர் பெயர் போடவில்லை. மாவட்டம் போடவில்லை. எந்த இடத்தில் எடுத்தது என்று படத்துக்குள் பதிவாகியிருக்கும் தகவலைக்கூட அழித்துவிட்டுத்தான் போட்டேன். ஒரு கொம்பன் ஆந்தை, இரண்டு குஞ்சுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கிற படம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பத்து வருஷமாக லென்ஸைத் தூக்கிக்கொண்டு காடு காடாக அலைகிறேன். எனக்கு அது என் வீட்டுக் கொல்லையில் கிடைத்தது. நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தது அவ்வளவு பெரிய குற்றமா?

யாரோ எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள். அதற்கு நான் என்ன செய்வேன்? தெரிந்ததும் படத்தை நீக்கிவிட்டேன். சண்டையைப் பாதியில் விட்டு ஓடினேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். தீவு உயிரினங்களைப் பற்றிய இந்தப் புத்தக வேலை ஆறு மாதம் முன்பே ஒப்புக்கொண்டது. டிக்கெட்டை உங்களிடம்தானே முதலில் காட்டினேன்?

இங்கே காலை ஐந்தரைக்கே விடிந்துவிடுகிறது. இன்று விடிகாலையில் கடலோரம் ஒரு மரங்கொத்தி, காக்கை அளவு, முழுக் கறுப்பு, தலையில் மட்டும் சிவப்பு. பட்டுப்போன மரத்தை அது கொத்துவது கதவைத் தட்டுகிற மாதிரியே இருந்தது. எடுத்தேன். எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஆடியிருக்கிறது. இப்படி எனக்கு ஆனதில்லை.

குஞ்சுகள் எப்படி இருக்கின்றன? அதை மட்டுமாவது எழுதுங்கள். அண்ணனைக் கேட்டால் "எனக்கின்னா தெரியும், நான் கொல்லப் பக்கமே போறதில்ல" என்கிறான். நாளை மறுநாள் வடக்கே திக்லிபூருக்குப் போகிறேன். அங்கே கடைத்தெருவில் ராமகிருஷ்ணன் என்று நம் பக்கத்துக்காரர், செங்கத்திலிருந்து வந்து டீக்கடை வைத்திருக்கிறார். அவர் பேருக்கு எழுதினால் எனக்கு வந்துவிடும்.

உங்கள்
மதிவதனி

•

அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை
29-1-2025, தை அமாவாசை

மதிக்கு அண்ணி எழுதுவது.

உன் கடிதம் நேற்று வந்தது. பதில் எழுதலாமா கூடாதா என்று ஒரு குழப்பம். வாய் சும்மா இருந்து கை பேசினால் அது மௌனமா? கோயிலுக்குப் போய் ஒரு சீட்டில் எழுதிக் குருக்களிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, "நீங்க இப்ப என்கிட்ட எழுதித்தானேம்மா கேக்கறீங்க" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது? வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்துவிட்டேன்.

ஊர் பெயர் போடவில்லை என்கிறாய். பின்னால் மலையைப் போட்டாயே, மதி.

பறவையோடு இடமும் தெரியட்டும் என்று அகலமாக எடுத்தாய். உனக்கு அது நீலமாக, மங்கலாக, அழகாக இருந்திருக்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் பேர் இந்த மலையைச் சுற்றுகிறார்கள். ஒவ்வொரு லிங்கத்தின் முன்பும் நின்று அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எந்தப் பக்கம் நின்றால் மலை எந்த உருவத்தில் தெரியும் என்று அவர்களுக்கு மனப்பாடம். அதற்கு மங்கல் ஒரு தடையா? உன் படத்தின் கீழேயே எவனோ எழுதினானாம்: 'இது அடி அண்ணாமலை தாண்டி, வாயு லிங்கம் வர்றதுக்கு முன்னாடி. அடிச்சி சொல்றேன்.' உன் அண்ணன் ஆபீஸில் யாரோ காட்ட, அவர் வந்து சொன்னார். வெளியூர்க்காரி இதைச் செய்திருந்தால் எனக்குக் கோபமே வந்திருக்காது. நீ இந்த மலையைப் பார்த்துக்கொண்டு பல் விளக்கினவள். சென்னைக்குப் போனபின் அது உனக்கு வெறும் பின்புறம் ஆகிவிட்டது.

நடந்ததைக் கேள். நீ காணும் பொங்கலன்று போட்டாய். மறுநாளே நம் கடலைச் செடியை மிதித்துக்கொண்டு நாலு கார் ஆட்கள் வந்துவிட்டார்கள். "இது எங்க கொல்ல, போங்க" என்றேன். "அஞ்சே நிமிஷம்மா" என்றான் ஒருவன். அந்த அஞ்சு நிமிஷம் சாயங்காலம் வரை முடியவில்லை. தூங்குகிற பறவை கண்ணைத் திறக்க வேண்டும் என்று கையைத் தட்டினார்கள். பளிச்சு பளிச்சென்று வெளிச்சம் அடித்தார்கள். ஒருவன் குஞ்சை மேலிருந்து எடுக்க ஆசைப்பட்டுப் பாறை மேல் ஏறி ஒரு கல்லை உருட்டிவிட்டான். தாய் எழுந்து பறந்தது. நட்டநடுப் பகல். எங்கிருந்துதான் அத்தனை காக்கை வந்ததோ, கொத்திக்கொண்டே துரத்தின. அப்போது நீயும் பக்கத்தில் நின்றாயே. என்ன சொன்னாய்? "நான் எடத்தையே சொல்லல அண்ணி." எனக்குத் தாங்கவில்லை.

நீ கிளம்பிய மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். தாய் இல்லை. இரண்டு குஞ்சும் இல்லை. பாறை விளிம்பு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்தப் பள்ளத்தில் நின்று உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்க ஒரு ஆள் இல்லை. திட்டி முடித்ததும் எனக்கே பயமாகிவிட்டது. இத்தனை வருஷம் தேவாரம் சொன்ன வாய், அதற்குள் இதெல்லாம் எங்கே இருந்தது? மௌனம் சாமிக்கும் இல்லை, உனக்கும் இல்லை. அந்த வாய்க்கு. இருக்கிற இருப்பில், இரண்டும் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஒரு வேண்டுதலையும் அதோடு சேர்த்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளுக்குப் பெரிய சந்தோஷம். "இத்தினி நாளா இங்க கோட்டான் இருந்துச்சா? தெரிஞ்சிருந்தா நானே கல்ல வுட்டு அடிச்சிருப்பேன். அது அலறினா ஊட்ல ஒண்ணு போவும்" என்கிறாள். பதில் சொல்ல நாக்கு துடித்தது. விரதம்.

தாய் திரும்பி வந்தால் பசியோடு வருமே என்று நினைத்தேன். உன் அண்ணனுக்குச் சீட்டு எழுதினேன்: 'கோழிக் கழுத்து கால் கிலோ.' நம் வீட்டில் தை வெள்ளிக்கிழமை! அவர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "செல்வி, உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார். ஆனால் வாங்கி வந்தார். தினமும் அந்த விளிம்பில் வைத்துவிட்டு வந்து குளிக்கிறேன். காலையில் காணாமல் போய்விடுகிறது. அதில் ஒரு நம்பிக்கை.

நீ காமிராவோடு ஊர் ஊராகப் போவதற்கு உன் அண்ணனிடம் சண்டை போட்டவள் நான். "பொண்ணு காட்டுல தனியா இன்னா பண்ணும்?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் நான்தான் பதில் சொன்னேன். அதையும் நினைத்துக்கொள்.

அன்புச்செல்வி

•

திக்லிபூர்
4 பிப்ரவரி 2025

அண்ணி,

கோழிக் கழுத்தை உடனே நிறுத்துங்கள்.

அதைத் தின்பது ஆந்தை இல்லை. நாய், இல்லையென்றால் கீரி. இறைச்சி வாசனைக்கு நாய் ஒரு தடவை வழி கண்டுபிடித்துவிட்டால் தினமும் வரும். குஞ்சு பக்கத்தில் எங்கேயாவது இருந்தால் கதை முடிந்தது. நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு செய்தேன். இதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை, அண்ணி. பயத்தில் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. 'துடைத்துவிட்ட மாதிரி இருந்தது' என்கிறீர்கள். இறகு சிதறிக் கிடந்ததா? ரத்தம் இருந்ததா? இல்லை என்றால் கேளுங்கள். இந்தக் குஞ்சுகள் பறக்கக் கற்பதற்கு வெகு முன்பே கூட்டை விட்டு இறங்கி நடந்துவிடும். கோழிக்குஞ்சு போலத் தத்தித் தத்திப் போய்ப் பாறை இடுக்கில் ஒளிந்துகொள்ளும். தாய் பகலில் எங்கேயோ தூரமாக உட்கார்ந்திருக்கும், பொழுது சாய்ந்ததும் இரை கொண்டுவரும். நான் பார்த்தபோது அவற்றுக்கு நடக்கிற வயது ஏறக்குறைய வந்துவிட்டிருந்தது. அவர்கள் தொந்தரவில் பயந்து இரண்டு நாள் முன்னதாகவே நடந்திருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். சத்தியம் செய்யவில்லை.

தேடிப் போகாதீர்கள். இடுக்கில் கைவிடவே விடாதீர்கள், பாம்பு இருக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொல்லை ஓரம் போய்ச் சும்மா உட்காருங்கள். குக்கரில் விசில் வருவதற்கு முன் ஆவி சீறுமே, அந்தச் சத்தம் வரும். பசித்த குஞ்சின் சத்தம் அதுதான். பாறை மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஊற்றின மாதிரி எச்சம் இருக்கிறதா பாருங்கள். கட்டைவிரல் அளவில் எலும்பும் மயிருமாக உருண்டை கிடந்தால், அது ஆந்தை தின்று கக்கியது. புதிதாக இருந்தால் ஈரமாகப் பளபளக்கும்.

என்னைத் திட்டியது பற்றி. என்ன திட்டினீர்கள் என்று கேட்கமாட்டேன். ராமகிருஷ்ணன் அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லியாம்மா?" என்றார். "எங்க வீட்டுக் கோட்டானுக்கு" என்றேன். அவர் டீயை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

அந்தப் படத்தைக் கணினியில் திறந்து பார்த்தேன். எடுத்த நேரத்தில் எனக்கு அந்தக் கண் இரண்டும்தான் தெரிந்தது, ஆரஞ்சுப் பழச்சுளை நிறத்தில். இப்போது பார்த்தால் ஆந்தையே கண்ணில் படவில்லை. மலைதான் நிற்கிறது.

மதி

•

திக்லிபூர்
8 பிப்ரவரி 2025

அண்ணி,

முந்தின கடிதம் போய்ச் சேர்ந்ததா தெரியாது. மனசு கேட்காமல் இதை எழுதுகிறேன்.

இங்கே கடலோரப் பாறைக் குகைகளில் உழவாரன் குருவி கூடு கட்டுகிறது. மண் இல்லை, குச்சி இல்லை. தன் எச்சிலையே நூல் நூலாக விட்டுக் கட்டும் வெள்ளைக் கூடு. அதைத் திருடிக் கொண்டுபோய் வெளிநாட்டில் சூப்புக்கு விற்கிறார்கள். அதனால் கூடு கட்டும் மாதங்களில் காவல் உண்டு. முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு போனேன்.

காவல்காரர் என் வயதுதான் இருப்பார். குனிந்து உள்ளே போனால் இருட்டில் தலைக்கு மேல் டிக் டிக் என்று சத்தமிட்டுக்கொண்டே குருவிகள் பறக்கின்றன. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவை வழி கண்டுபிடிக்குமாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாலைந்து படம் எடுத்தேன். வெளியே வந்ததும் அவர் கையை நீட்டினார். காமிராவைக் கேட்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனார். குகை வாசலில் நின்று எடுத்த ஒன்றில் நிறுத்தினார். குருவி வாசலைக் கடந்து பறக்கிறது, பின்னால் கடல், கடலில் ஒரு சின்னப் பாறை. அன்றைக்கு எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

"இது வேணாம்" என்றார் இந்தியில். ஏன் என்றேன். "படகுக்காரன் எவனும் அந்தப் பாறையைப் பார்த்தாலே குகையைச் சொல்லிடுவான்."

நான் வாதாடவில்லை. அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அதில் வருத்தம் இல்லை. பொங்கலன்று என் பக்கத்தில் இப்படி ஒரு ஆள் நின்று கையை நீட்டியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

பதிப்பகத்தில் அந்தக் கோட்டான் படத்தை வேறொரு புத்தகத்துக்குக் கேட்டிருந்தார்கள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஏதாவது எழுதுங்கள், அண்ணி. கெட்ட செய்தியாக இருந்தாலும் சரி.

மதி

•

அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை
12-2-2025, பௌர்ணமி

மதிக்கு,

குக்கர் சத்தம் கேட்டது.

வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் குழம்பிவிடும். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்றே கழுத்தை நிறுத்திவிட்டேன். சாயங்காலம் போய்க் கொல்லை ஓரத்தில் முள்வேலி பக்கமாக உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. ஆனால் பாறையில் நீ சொன்ன வெள்ளை இருந்தது. கீழே ஒரு உருண்டை. குச்சியால் உடைத்தேன். எலியின் தாடை, பல்லோடு. ஈரம் இருந்தது. எலித் தாடையைப் பார்த்துக் கைகூப்பினவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நேற்று தைப்பூசம். பொழுது சாயும்போதே பௌர்ணமி பிறந்துவிடும் என்பதால் மத்தியானத்திலிருந்தே கிரிவலப் பாதையில் தலைதலையாக ஜனம். நான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பாதையில் ஒலிபெருக்கி, ஊதல், சிவ சிவ என்று சத்தம். அதற்கு நடுவில் இதை எங்கே கேட்கப் போகிறோம் என்று நினைத்தேன். ஆனால் இருபத்திரண்டு நாள் வாயைக் கட்டினவளுக்குக் காது எப்படித் திறந்திருக்கும் தெரியுமா? ஸ்ஸ்ஸ் என்று வந்தது. நான் தேடினதற்கு நேர் எதிர்ப் பாறை. பெரிய கல் ஒன்று சரிந்து கிடக்குமே, அதன் அடியில். சாம்பல் பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று வெளியே வந்து நின்று என்னைப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து மூன்று பேர் பாதையிலிருந்து இறங்கி நம் கொல்லைக்குள் வருகிறார்கள். ஒருவன் கழுத்தில் நீட்டுக் குழாய் காமிரா. ஒருவன் கையில் டார்ச். "அந்தப் படத்துல வர்ற எடம் இதான் மச்சான், மலய பாரு, அப்டியே இருக்குது" என்கிறான். நேராகச் சரிந்த கல்லை நோக்கி வருகிறார்கள். குஞ்சு சீறுகிறது. நான் எழுந்து நின்று கையை ஆட்டினேன். கும்பிட்டேன். போ என்று சைகை காட்டினேன். "பிச்ச கேக்கறாங்க போல" என்றான் டார்ச்சுக்காரன்.

அவ்வளவுதான், மதி. என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"அய்யய்யோ, போவாதீங்க! தேனீ! மலைத்தேனீ கலைஞ்சிருக்குது! நேத்து ஒரு ஆளக் கொட்டி ஆஸ்பத்திரில கெடக்கறாரு! ஓடுங்க!"

சொல்லிவிட்டு முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு நானே முதலில் ஓடினேன். நான் ஓடியதைப் பார்த்து அவர்களும் ஓடினார்கள். டார்ச்சுக்காரன் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினான். இன்னும் நம் கொல்லையில்தான் கிடக்கிறது.

என்னைத் தேடிக்கொண்டு வந்த உன் அண்ணன் வரப்பில் எதிரே வந்தார். மூன்று வாரம் கழித்து என் குரலைக் கேட்டவர் நின்று, "செல்வி! இன்னா சொன்ன? தேனீயா?" என்றார். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டார். வீட்டு வாசல் வரை வந்துதான் நின்றோம். "எங்க கொட்டிச்சி?" என்று என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நான் சிரிக்க ஆரம்பித்து, அது அழுகையாகி, மறுபடியும் சிரிப்பாகி, வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்து, "நான் சொன்னேன்ல, இவளுக்குக் கோட்டான் புடிச்சிக்கிச்சி" என்றாள்.

கொஞ்சம் தெளிந்ததும் அடுத்த பயம். நான் போட்ட கூச்சலில் குஞ்சு பயந்து எங்காவது போயிருந்தால்? திரும்பிப் போனேன், இந்தத் தடவை அவரும் கூட வந்தார். இருட்டப்போகிற நேரம். தாய் வந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை, பாறையில் ஒரு கல் கூடுதலாக இருந்தது, அதற்குக் கொம்பு இருந்தது. கல்லின் அடியில் மறுபடியும் சீறல். ஒன்று உரக்க. இன்னொன்று, எனக்குக் கேட்டது என்றுதான் நினைக்கிறேன், ஈனமாக. வெளியே வந்து இரையை வாங்கியது ஒன்றுதான். இன்னொன்று வரவில்லை.

இப்போது என் கணக்கு. மௌனம் கலைந்ததற்கு வழி இருக்கிறது, இன்றிலிருந்து மறுபடியும் தொடங்கிச் சிவராத்திரியோடு முடிக்கிறேன், குறைந்த நாளை மாசி கழிவதற்குள் சேர்த்துவிடுவேன். பொய்க்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. இவ்வளவு நாள் வாயைக் கட்டிவைத்தேன், திறந்ததும் முதலில் வந்தது பொய். சாமிக்கு முன் நின்று மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். கேட்க வரவில்லை. அந்த டார்ச்சுக்காரன் திரும்பி வந்தால் மறுபடியும் அதையேதான் சொல்வேன். அப்புறம் எப்படிக் கேட்பது?

இரண்டாவது குஞ்சு ஏன் வெளியே வரவில்லை? உனக்குத் தெரிந்தால் எழுது.

அண்ணி

•

திக்லிபூர்
20 பிப்ரவரி 2025

என் தங்க அண்ணி,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். தேனீ இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். ராமகிருஷ்ணன் அண்ணனிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. "அந்தம்மாவ பாக்கணும்" என்கிறார். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் இப்போது உங்கள் கதைதான். இங்கே உங்களுக்குப் பேர் தேனீயம்மா.

நீங்கள் பார்த்தது மூத்தது. ஆந்தை முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் அடுத்தது சில நாள் கழித்துத்தான் பொரிக்கும். சின்னது எப்போதும் ஒரு படி கீழேதான். மூத்தது முன்னால் நின்று ஜாஸ்தி வாங்கிக்கொள்ளும். அது வயிறு நிரம்பிய பின்தான் சின்னதுக்குக் கிடைக்கும். அதனால் சத்தம் கேட்டது என்றால் அது உயிரோடு இருக்கிறது. ஆனால் அன்று அந்த ஆள் உருட்டிவிட்ட கல்லால் அதற்கு இறக்கையில் அடி ஏதும் பட்டிருந்தால்... அதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. அண்ணி, உண்மையைச் சொல்கிறேன். இரை எவ்வளவு கிடைத்தாலும் பறக்க முடியாத ஆந்தை மழைக்காலத்தைத் தாண்டாது. அடி பட்டதா இல்லையா என்பது அது பறக்கிற அன்றைக்குத்தான் தெரியும். இந்த மாதக் கடைசிக்குள் அது நடக்க வேண்டும்.

ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள். போனில் ஒரே ஒரு படம்? வேண்டாம். எழுதினால் போதும். பார்த்தீர்களா, கேட்டுவிட்டு நானே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

நேற்று விடிகாலை கடற்கரையில் முட்டையிட்ட ஆமை ஒன்று நேரம் தவறி வெளிச்சம் வந்த பிறகு கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சுற்றுலா வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் போனை நீட்டிக்கொண்டு அதற்கு முன்னால் போய் நின்றுவிட்டார்கள். அது நிற்கிறது, திரும்புகிறது, மறுபடியும் நிற்கிறது. நான் காமிராவைப் பைக்குள் போட்டுவிட்டு நடுவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தேனீ தோன்றவில்லை. "பீச்சே, பீச்சே" என்று, பின்னால் போகச் சொல்லி இந்தியில் கத்தத்தான் தெரிந்தது. ஒரு அம்மா, "நீ மட்டும் பெரிய காமிரா வெச்சிருக்க" என்று இந்தியில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆமை போய்விட்டது. புத்தகத்துக்குக் கேட்டிருந்த ஆமைப் படம் கிடைக்கவில்லை. மனசு லேசாக இருந்தது. மத்தியானம் ஒரு பாம்புண்ணிக் கழுகை எடுத்தேன். இந்தப் பயணத்தில் ஆடாத முதல் படம்.

மார்ச் எட்டாம் தேதி வரை இங்கேதான். பிறகு நேராக வீட்டுக்கு வரலாமா?

மதி

•

அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை
28-2-2025

மதிக்குட்டி,

சிவராத்திரி நல்லபடி கழிந்தது. பீரோவைத் திறந்து போனை எடுத்து வைத்திருக்கிறேன். சார்ஜ்கூடப் போட்டுவிட்டேன். ஆனாலும் இதைப் போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் அழுதுவிடுவேன், நீ பதறிப்போவாய். எழுதினால் அழுதுகொண்டே எழுதலாம்.

வெள்ளையம்மாள் விஷயத்தை முதலில் சொல்கிறேன். பேச்சு வந்ததும் அவளிடம் போனேன். "கோட்டான் அங்கதான் இருக்குது. கல்லால அடிக்கணும்னா முதல்ல என்ன அடி" என்றேன். அவள் மேலும் கீழும் பார்த்தாள். "நீ பேசாத இருந்தப்பவே நல்லா இருந்த" என்றாள். அதோடு சரி. கல்லை எடுக்கவில்லை. கோட்டானோடு என்னையும் சேர்த்துப் பயந்துவிட்டாள் என்று உன் அண்ணன் சொல்கிறார்.

கொல்லை முனையில் வேலியை இன்னும் கொஞ்சம் தள்ளி, காரை முள் வெட்டிப் போட்டு அடைத்தோம். அவர்தான் வெட்டினார். கையெல்லாம் கீறல். இப்போது தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையை மாற்றாமல் "போலாமா?" என்கிறார். கொல்லப் பக்கமே போகாத ஆள்!

நேற்றுச் சாயங்காலம் இரண்டு பேரும் போய் உட்கார்ந்தோம். பெரியது ஒரு வாரமாகவே பறக்கிறது, இந்தப் பாறைக்கும் அந்தப் பனைமரத்துக்கும். சின்னது வெளியே வந்து நிற்கப் பழகிவிட்டது, ஆனால் நடைதான். இடது இறக்கையைச் சற்றே தொங்கவிட்ட மாதிரி எனக்கு ஒரு எண்ணம். உனக்கு எழுத மனசு வராமல் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

தாய் வந்தது. வாயில் எலி. எதிர்ப் பாறையில் உட்கார்ந்துகொண்டது, கொண்டுவந்து தரவே இல்லை. சின்னது சீறுகிறது, சீறுகிறது. கழுத்தை வட்டமாக ஆட்டித் தூரத்தை அளக்கிறது. விளிம்பு வரை நடந்து வந்து கீழே பார்த்தது. திரும்பி உள்ளே போய்விட்டது. "இது ஆவறதில்ல" என்றார் உன் அண்ணன். "வாய மூடுங்க" என்றேன். ஒரு மாசம் மௌனம் இருந்தவள் சொல்லக்கூடிய வார்த்தையா? சொல்லிவிட்டேன்.

மறுபடியும் வந்தது. தாய் அசையவில்லை. இது இறக்கையை விரித்தது. அந்தச் சின்ன உடம்புக்கு அவ்வளவு அகலம் எங்கே மடித்து வைத்திருந்ததோ. இரண்டும் ஒரே அளவு, மதி, இடதும் வலதும். முன்னால் சாய்ந்தது. விழுகிறது என்று நினைத்து நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கல்லில் மோதுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அந்தச் சத்தம் வரவில்லை. இறக்கை அடிக்கிற சத்தமும் வரவில்லை. எதுவுமே கேட்கவில்லை. உன் அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். கண்ணைத் திறந்தால் இந்தப் பக்கம் பாறை காலி. அந்தப் பக்கம் தாயை ஒட்டி நின்றுகொண்டு சின்னது எலியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

உன் அண்ணன் முழுக்கப் பார்த்தாராம். "எப்டிங்க பறந்துச்சி?" என்று வழியெல்லாம் கேட்டேன். "பறந்துச்சி" என்கிறார். அவருக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. நான் அந்த நேரம் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். அதனால் வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டு எப்படி, எப்படி என்று நச்சரிக்காதே.

பறந்துவிட்டது. வா.

உன் அண்ணி